பாய்ப்பலகை பழகிய ஞாயிறுகள்

அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. எனக்கு நாற்பத்தாறு. அதற்கு முன்னால் பதின்மூன்று வருடங்கள் ராஜபாளையத்தில் ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கு நூல் மில்லில், லேபில் வேலை. நூல் எவ்வளவு இழுவை தாங்குகிறது, எந்த இடத்தில் மெலிந்து போகிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் ஏன் கல்யாணம் அமையவில்லை என்பதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. அப்பா படுக்கையில் கிடந்த வருடங்களில் வந்த வரன்களைத் தள்ளிப் போட்டோம். அவர் போன பிறகு வரன்கள் வருவது நின்றிருந்தது.

மாப்பிள்ளை எங்கள் சபை வழியாகத் தெரிந்தவர். தூத்துக்குடிக்காரர், மனைவியை இழந்தவர், ஒரே மகன் வெளிநாட்டில். அதிகம் பேசாத, நல்ல மனிதர். அக்கா என்னிடம் கேட்டபோது ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். கல்யாணத்தன்று பந்தியிலிருந்து பூ மாலை வரை எல்லாவற்றுக்கும் ஓடியவள் நான்தான். சாயங்காலம் அவர்களை வண்டி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது, வீட்டின் இரண்டு சாவிகளும் என் கையிலேயே இருப்பதைக் கவனித்தேன்.

வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். மில்லில் இயந்திரங்களின் சத்தத்திலேயே பாதி நாள் போய்விடும். ஞாயிறுதான் பெரிதாக இருந்தது. ஆராதனை முடிந்து பத்தரை மணிக்கு வெளியே வந்தால் இரவு வரை என்ன செய்வது என்று தெரியாது. அக்கா இருந்தபோது என்னதான் செய்தோம் என்று நினைத்துப் பார்ப்பேன். கறி வாங்கினோம், சமைத்தோம், சாப்பிட்டோம், தூங்கினோம், துணி மடித்தோம். இதெல்லாம் ஒரு ஆளாகச் செய்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா தினமும் எட்டிப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போவார். சாப்பிட்டேன் என்பேன். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

மாதம் ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா டீச்சர் வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்குப் போனபோது தன் பழைய சின்னக் காரை என்னிடம்தான் கொடுத்திருந்தாள். லைசென்ஸ் வாங்கிப் பத்து வருடமாகியும் ஊருக்குள்ளேயே ஓட்டப் பயந்துகொண்டிருந்த நான், கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு மூன்று மணி நேரம் ஓட்டக் கற்றுக்கொண்டது அப்படித்தான். போனால் என்னை ஹாலில் உட்கார வைத்துவிடுவார்கள். காபி தட்டில் வரும். எழுந்து அடுப்படிக்குள் போனால் அக்கா பதறி, “நீ போய் உக்காரு, நான் பாத்துக்கிடுதேன்” என்பாள். அந்த வீட்டுப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் அத்தானின் முதல் மனைவி பெயர் வெட்டியிருந்தது. நான் எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் படுக்கப் போனார். அக்காவும் கண்ணயர்ந்தாள். நான் அவர்களை எழுப்ப வேண்டாம் என்று காரை எடுத்துக்கொண்டு வடக்கே போனேன். உப்பளங்களைத் தாண்டி ஒரு இடத்தில் கடல் கரைக்குள் வளைந்து வந்து, அலையே இல்லாமல் கண்மாய் மாதிரிக் கிடந்தது. அதில் ஒரு பெண் பலகை ஒன்றின் மேல் நின்றுகொண்டு, அதில் நட்டிருந்த பாயைக் கையால் பிடித்தபடி காற்றில் போய்க்கொண்டிருந்தாள். முப்பது அடி போனாள், விழுந்தாள். ஏறினாள். பாயைக் கயிற்றால் இழுத்துத் தூக்கினாள். மறுபடி பத்தடி, மறுபடி விழுந்தாள். நான் காரில் சாய்ந்து நின்று ஒரு மணி நேரம் பார்த்தேன். அவள் அன்று நாற்பது முறையாவது விழுந்திருப்பாள். அவளை யாரும் ஓடிப்போய்த் தூக்கவில்லை, அவளும் யாரையும் பார்க்கவில்லை.

கரையில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. அதை நடத்தியவருக்கு முப்பது வயது இருக்கும். பக்கத்து மீனவக் கிராமத்துக்காரர். வெளிமாநிலத்தில் வேலை பார்த்தபோது இதைக் கற்றுக்கொண்டு வந்தவர். இதற்கு விண்ட்சர்ஃபிங் என்று பெயர் சொன்னார். என்ன வயது வரை பழகலாம் என்று கேட்டேன். நீச்சல் தெரியுமா என்று திருப்பிக் கேட்டார். சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றில் பழகியது என்றேன். அப்படியென்றால் அடுத்த வாரம் காலை ஏழு மணிக்கு வாருங்கள் என்றார். ஒரு படிவம் கொடுத்தார். அதில் அவசரத்துக்கு யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. அக்காவின் பெயரையும் நம்பரையும் எழுதினேன். எழுத வேறு பெயர் இல்லை.

அன்று சாயங்காலம் அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அவள் அத்தானுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். அந்த அப்புறம் நான்கு மாதம் தள்ளிப் போனது.

அடுத்த வாரத்திலிருந்து, எனக்கு விடுமுறையான இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளிலும், முடிந்த ஞாயிறுகளிலும், விடிவதற்கு முன்னால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். ஆராதனையைத் தவறவிடுவது முதலில் உறுத்தியது. பிறகு சாயங்கால ஆராதனைக்குத் திரும்பி வந்துவிடப் பழகிக்கொண்டேன். ஈரத் தலையோடு பின் வரிசையில் உட்காருவேன். அக்காவைப் பார்க்கப் போய்வருகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பாசமான தங்கை என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் மறுக்கவில்லை.

முதல் நாள் சுடிதாரோடு இறங்கி, துணி தண்ணீரைக் குடித்துக் காலைச் சுற்றிக்கொண்டு, பலகையில் ஏறவே அரை மணி நேரம் ஆனது. அடுத்த முறை முழுக்கை டி-ஷர்ட்டும் லெக்கிங்ஸும் போட்டுக்கொண்டேன். பலகை மேல் நிற்பது பெரிய காரியமில்லை. பாயைத் தூக்குவதுதான் வேலை. அது தண்ணீரில் படுத்துக் கிடக்கும். மேலே இருக்கிற தண்ணீரின் எடை அத்தனையும் சேர்ந்து கனக்கும். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். இடுப்பை வளைத்து இழுத்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. பாய் மேலே வந்ததும் தண்ணீர் கொட்டும், சட்டென்று எடை குறையும், அந்த நேரத்தில் நான் பின்னால் விழுவேன். மூன்று வாரம் இதே கதை.

“நீங்க பாயவே பாக்கீக. எங்க போவணுமோ அங்க பாருங்க” என்று பயிற்சியாளர் கரையில் இருந்து சொல்லுவார். எனக்குப் போவதற்கு ஒரு இடம் இல்லாததால் எங்கே பார்ப்பது என்று தெரியாது. ஒரு மூலையில் குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரத்தைப் பார்க்கச் சொன்னார். அதைப் பார்த்தேன். பலகை நகர்ந்தது. இருபது அடி இருக்கும். காலுக்கடியில் சளசளவென்று தண்ணீர் சத்தம் கேட்டது. பிறகு வழக்கம் போல விழுந்தேன், ஆனால் அந்தச் சத்தம் வாரம் முழுக்கக் காதில் இருந்தது.

திங்கட்கிழமைகளில் லேபில் நூலைப் பிடிக்கும்போது உள்ளங்கைக் கொப்புளங்களில் இழை ஒட்டும். முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்திருக்கும். கூட வேலை பார்த்த பெண் என்னவென்று கேட்டாள். வீடு முழுக்கக் கழுவினேன் என்றேன். வாராவாரமா கழுவுறீங்க என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். நான் தனியாக இருக்கிற பெண், எதையாவது செய்துகொண்டிருப்பேன் என்று நினைத்திருப்பாள்.

கொட்டகைக்குப் போக அக்கா வீட்டுத் தெரு முனையைக் கடந்துதான் போக வேண்டும். திரும்பி வரும்போதும் அதே வழி. சில நாட்கள் அந்த முனையில் வண்டியை மெதுவாக ஓட்டுவேன். ஒருநாள் அக்கா கடையில் எதையோ வாங்கிக்கொண்டு நடந்து போவதைப் பின்னால் இருந்து பார்த்தேன். அவளுக்கு முதுகு கொஞ்சம் கூன் விழுந்த மாதிரி இருந்தது. ஹார்ன் அடிக்கக் கையைக் கொண்டுபோனேன். அடித்தால் வீட்டுக்குக் கூப்பிடுவாள். ஈர உடம்போடு ஹாலில் உட்கார வேண்டும். கையை எடுத்துவிட்டேன். கோவில்பட்டி வரும் வரை அழுகை வந்துகொண்டே இருந்தது. எதற்கு என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

மே மாதக் கடைசியில் அது நடந்தது.

அந்தக் கடற்கரையில் காற்றுகளுக்குப் பெயர் உண்டு. தை, மாசியில் அடிப்பது வாடை. அது கரையை ஒட்டி அடிக்கும், விழுந்தாலும் கரைக்குப் பக்கத்தில்தான் கிடப்போம். வைகாசி பிறந்தால் மேற்கிலிருந்து கச்சான் வரும். எங்கள் ஊர் மலையைத் தாண்டி, கரிசல் காட்டை எல்லாம் கடந்து, கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. காலையில் லேசாகத்தான் இருக்கும். பத்து மணிக்கு மேல் கிளம்பும். கிளம்பினால் பழகுகிறவர்கள் தண்ணீரில் இருக்கக் கூடாது என்று பயிற்சியாளர் முதல் வாரத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஊன்றி வைத்திருந்த சிவப்புக் கம்பைத் தாண்டவும் கூடாது.

அன்று ஒன்பதரை மணிக்கு எனக்கு முதல்முறையாக எல்லாம் சரியாக வந்தது. பாய் ஒரே இழுப்பில் எழுந்தது. காற்று சீராகப் பிடித்தது. பலகை போய்க்கொண்டே இருந்தது. எனக்குத் திரும்பத் தெரியும், ஆனால் திரும்பும்போதெல்லாம் விழுவேன். விழ மனசில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனேன். சிவப்புக் கம்பு பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. அதைப் பார்த்தேன், தெரிந்தேதான் போனேன்.

சட்டென்று கச்சான் கிளம்பி ஒரே தள்ளாகத் தள்ளியது. தண்ணீரில் விழுந்து எழுந்தபோது கடலின் நிறமே மாறியிருந்தது. பாயைத் தூக்கினேன், பாதி எழுந்ததும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. ஆறு முறை முயன்றேன். ஏழாவது முறை விரல்கள் மடங்கவில்லை. கரையில் பயிற்சியாளர் படகைத் தண்ணீருக்குள் தள்ளுவது தெரிந்தது. மோட்டாரின் கயிற்றை இழுக்கிறார், இழுக்கிறார், அது கிளம்பவில்லை. பிறகு அவரும் சின்னதாகிவிட்டார்.

சொல்லிக் கொடுத்தபடியே பலகையை விடாமல் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். பாய் தண்ணீரில் கிடந்தால் வேகமாக அடித்துப் போகாது என்று சொல்லியிருந்தார். பயம் உடனே வரவில்லை. முதலில் வந்தது ஒரு கணக்கு. இன்று சனிக்கிழமை. நான் எங்கே இருக்கிறேன் என்று அந்தக் கொட்டகையைத் தவிர யாருக்கும் தெரியாது. இன்று என்னை யாரும் எதிர்பார்க்கவில்லை. நாளைக்கு ஆராதனையில் காணாவிட்டால் அக்கா வீட்டில் இருப்பதாக நினைப்பார்கள்; பூட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மாவும் அப்படியே நினைப்பார். அக்கா நான் ராஜபாளையத்தில் இருப்பதாக நினைப்பாள். திங்கட்கிழமை காலை லேபில்தான், இன்னும் ஏன் வரவில்லை என்று முதல் ஆள் கேட்பார். இப்படி இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் ஒருத்தி இல்லாமல் போக முடியும் என்பது அந்த நேரத்தில் அத்தனை தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் பலகையின் மேல் குப்புறப் படுத்து, இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நண்டு வலை எடுத்துவிட்டுத் திரும்பிய ஒரு வள்ளம் என்னைப் பார்த்துவிட்டது. அதில் இரண்டு பேர், அண்ணன் தம்பி என்று பிறகு தெரிந்தது. ஒருவர் என் கையைப் பிடித்து ஏற்றினார், மற்றவர் பலகையையும் பாயையும் கட்டி இழுத்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

“எந்த ஊரும்மா?” என்று மூத்தவர் கேட்டார்.

“ராஜபாளையம்.”

“அங்க ஏது கடலு?”

“இல்ல. அதான் இங்க வந்தேன்.”

அவர் தம்பியைப் பார்த்தார். வலையில் இருந்த நண்டுகள் என் காலடியில் ஊர்ந்துகொண்டிருந்தன.

வள்ளம் அவர்களுடைய ஊர்க் கரைக்குத்தான் போனது. வள்ளத்திலிருந்து போன் போயிருக்க வேண்டும், பயிற்சியாளர் மோட்டார் சைக்கிளில் அதற்குள் அங்கே வந்து நின்றிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “உங்க அக்காவுக்குப் போன் பண்ணிட்டேன். வாராங்க” என்றார். அந்தப் படிவத்தில் நான் எழுதிக் கொடுத்த பெயர் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். வீட்டில் கட்டியிருந்த சேலையோடு அப்படியே வந்திருந்தாள். ஒரு காலில் அவளுடைய செருப்பு, இன்னொரு காலில் அத்தானுடைய செருப்பு. அத்தான் பின்னால் நின்றார். அக்கா என்னைத் தொட்டுப் பார்த்தாள். தலை, தோள், கை. ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

“எத்தன நாளா வாரே?”

“ஜனவரியில இருந்து.”

“எங்க வீட்டுல இருந்து அந்தக் கொட்டகை எம்புட்டு தூரம்?”

“ஆறு கிலோமீட்டர் இருக்கும்.”

“அம்புட்டுதான்” என்றாள். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “எங்க தெருவத் தாண்டித்தான வருவே? ஒவ்வொரு வாட்டியும்?”

நான் ஆமாம் என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கணக்கு வகுப்பில் தப்பு விடை எழுதின பிள்ளையைப் பார்க்கிற மாதிரி, எந்த வரியில் தப்பு நடந்தது என்று தேடுகிற மாதிரி என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், உன் வீட்டுக்கு வந்தால் என்னை விருந்தாளி மாதிரி உட்கார வைக்கிறாய், எனக்கு அங்கே இருக்கத் தெரியவில்லை என்று. அத்தான் காதில் விழுமோ என்று குரலைத் தாழ்த்தினேன். அவர் அதற்குள் தள்ளிப் போய் வள்ளத்துக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, நான் மட்டும் அங்க என்னவா இருக்கேன்னு நெனைக்கே?” என்றாள் அக்கா. “அந்த அடுப்படியில எது எங்க இருக்குன்னு இப்பத்தான் ஒவ்வொண்ணா தெரியுது. நீ வந்து உள்ள நின்னா எனக்கு அழுகை வந்துரும்னுதான் ஹால்ல உக்காரச் சொன்னேன்.”

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதை நான் யோசிக்கவே இல்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், நான்தான் தனியாக நிற்கிறேன் என்றே நினைத்திருந்தேன்.

அன்று அவள் வீட்டில் படுத்தேன். மறுநாள் காலையில் இரண்டு பேரும் அடுப்படியில் நின்று தோசை சுட்டோம். எதுவும் பெரிதாகப் பேசவில்லை. கிளம்பும்போது அவள் கேட்டது ஒன்றுதான்: கச்சான் அடிக்கிற மாதங்களில் கடலில் இறங்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னேன்.

சொல்லிவிட்டேனே தவிர, ஞாயிறு மறுபடி பழையபடி ஆகிவிட்டது. ஜூலையில் பயிற்சியாளர் ஒரு பழைய பலகையையும் சின்னப் பாய் ஒன்றையும் விற்கப் போவதாகச் சொன்னார். வாங்கிக் காரின் கூரையில் கட்டி ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்தேன். தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா அது கதவா என்று கேட்டார். வராந்தாவில் வைத்தேன். இனிமேல் இதற்குத் தண்ணீர் தேட வேண்டும்.

தேட ஆரம்பித்தபோதுதான் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று புரிந்தது. ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்று ஆளைத் தள்ளும். அப்போது கண்மாய்களில் தண்ணீர் இருக்காது. கார்த்திகையில் கண்மாய்கள் நிறையும்; அப்போது காற்று செத்த நேரம் அடித்துவிட்டு நின்றுவிடும். அணைகளில் இறங்க அனுமதி கிடையாது. கண்மாய்தான் வழி. வாரம் ஒன்றாகப் பார்த்துவரக் கிளம்பினேன். ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். சோழபுரத்துப் பக்கம் ஒன்று: விசாலம், ஆனால் உள்ளே முழுக்கச் சீமைக் கருவேல், முள் பாயைக் கிழித்துவிடும். வன்னியம்பட்டிப் பக்கம் ஒன்று: தாமரை, காலில் கொடி சுற்றும். இன்னொன்றில் எருமைகள். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி ஒன்றில் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் மதகுக்குப் பக்கத்தில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் போய் நான் லெக்கிங்ஸோடு இறங்குவதை நினைத்துப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். ஒவ்வொரு கரையிலும் நின்று கைக்குட்டையைப் பிடித்துக் காற்றைப் பார்ப்பேன். யாராவது வந்து, நிலம் வாங்க வந்தீகளா என்று கேட்பார்கள். இல்லை, சும்மா என்பேன். சும்மா கண்மாய் பார்க்க வருகிற பெண்ணை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. பெரும்பாலும், குடிக்கத் தண்ணி கொண்டுவந்தீகளா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

நவம்பர் கடைசியில் மகாராஜபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய் கிடைத்தது. நல்ல மழைக்குப் பிறகு கரை தொட்டுத் தண்ணீர். மரங்கள் எல்லாம் ஒரு ஓரமாக. வடகிழக்கிலிருந்து காற்று மறைப்பே இல்லாமல் வந்தது. கரையில் தார்ப்பாய்க் குடிசை ஒன்றில் ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மீன் குத்தகை எடுத்தவர்களுக்காகக் காவல் பார்த்தார். முடியவே முடியாது என்றார். குஞ்சு விட்டிருக்கிறது, மிரளும் என்றார். இதில் மோட்டார் கிடையாது, சத்தம் வராது என்று காட்டினேன். காரின் மேலிருந்த பலகையைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். வலை போட்டிருக்கிற பாதிப் பக்கம் வரக் கூடாது, மீன் பிடிக்கும் வரைதான் அனுமதி, குத்தகைக்காரரிடம் நானே பேசுகிறேன் என்றார். எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

“ஞாயித்துக்கிழம வீட்டுல இருக்க முடியல” என்றேன்.

அவர் தலையாட்டினார். பட்டாளத்திலிருந்து வந்த முதல் வருடம் என்னாலும் இருக்க முடியவில்லை, அதனால்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றார். எங்களுக்குள் நடந்த நீளமான பேச்சு அதுதான். பிறகு வந்த ஞாயிறுகளில் நான் வந்ததும் கையைத் தூக்குவார், போகும்போதும் தூக்குவார்.

முதல் இரண்டு வாரம் ஊரே கரையில் நின்றது. நான் விழும்போதெல்லாம் பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். மூன்றாவது வாரம் பத்துப் பேர். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஆடு மேய்க்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அது எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகவும், இன்னொரு விதத்தில் வெறிச்சென்றும் இருந்தது. மலைக்குப் பக்கமாக இருப்பதால் காற்று ஒரே சீராக வராது. தண்ணீரில் கருப்பாக ஒரு திட்டு ஓடி வந்தால் காற்று வருகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துப் பாயைத் தயாராகப் பிடிக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த மணி நேரங்களில் நானே பார்த்தது. காற்று நின்றுவிட்டால் கண்மாய் நடுவில் பலகையின் மேல் உட்கார்ந்திருப்பேன். அரை மணி, சில நாள் ஒரு மணி. நாரைகள் என்னைக் கண்டுகொள்ளாது.

கிறிஸ்துமஸுக்கு அக்காவும் அத்தானும் ராஜபாளையம் வந்தார்கள். அடுத்த ஞாயிறு அக்கா என்னோடு மகாராஜபுரத்துக்கு வந்தாள். அவளுக்குத் தண்ணீர் என்றாலே பயம், கரையில் காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டாள். அன்று காற்றே இல்லை. நான் பாயைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன், நகரவே இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கரைக்கு வந்தபோது அவள் மடியில் ஒரு பை நிறைய அவரைக்காய் நார் உரித்து வைத்திருந்தாள். “இவ்வளவுதானா?” என்று கேட்டாள். காற்று இல்லை என்றேன். இருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டாள். சொல்ல முயன்றேன். அவளுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆனாலும் திரும்பும் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி முடியும்போது தண்ணீர் பாதியாக இறங்கிவிட்டது. அடுத்த வாரம் மீன் பிடிக்கப் போகிறார்கள் என்று காவல்காரர் சொன்னார். அந்தக் கடைசி ஞாயிறு பதினொரு மணிக்குக் கருப்புத் திட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வர ஆரம்பித்தன. வலை இல்லாத பக்கமாகவே அக்கரை வரை போனேன். அங்கே பாயைச் சாய்த்து, கால்களைப் பாய்மரத்தைச் சுற்றி எடுத்து வைத்து, மறுபக்கம் வந்து நின்றேன். விழவில்லை. பலகை திரும்பியிருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் பழகி, முதல்முறையாக விழாமல் திரும்பினேன். இக்கரைக்கு வந்து மறுபடி திரும்பினேன். மறுபடியும். ஐந்து முறை. தொண்டையிலிருந்து என்னை அறியாமல் ஏதோ சத்தம் வந்தது.

கரை ஏறியதும் ஓடிப் போய்க் காவல்காரரிடம், பார்த்தீங்களா என்று கேட்டேன். அவர் குடிசைக்குள் உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார்.

“சாப்பிட்டுக்கிட்டு இருந்தேம்மா. கவனிக்கல. என்ன ஆச்சு?”

ஒன்றுமில்லை, நன்றாக வந்தது என்றேன். அப்படியா என்று சிரித்தார். கரை முழுவதும் பார்த்தேன். ஒரு ஆள் இல்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. பாயைச் சுருட்டிக் கட்டினேன். அவர் ஒரு கை கொடுத்துப் பலகையைக் காரின் மேல் தூக்கி வைத்தார்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து விவரம் எல்லாம் சொன்னேன். எந்தக் காலை முதலில் வைத்தேன், பாயை எந்தப் பக்கம் சாய்த்தேன் என்பது வரை. நடுவில் அத்தான் எதையோ கேட்க, கொஞ்சம் இருங்க என்று அவரிடம் சொல்லிவிட்டு மறுபடி என்னிடம் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தலையைத் துவட்டினாயா என்றாள். துவட்டினேன் என்றேன். அடுத்த வாரம் வருகிறாயா, மீன் வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். போனை வைத்த பிறகு நோட்டை எடுத்து, மகாராஜபுரம் என்று எழுதியிருந்த பக்கத்தில், நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை, பதினொரு மணிக்கு மேல், என்று குறித்து வைத்தேன்.